கூலன்ட் டேங்க் போதவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும்) லேத், வி.எம்.சி. (செங்குத்து மில்லிங் மெஷின்), கிரைண்டிங் மெஷின்களில் வெட்டும் இடத்தைக் குளிர்விக்கத் தண்ணீரில் ஆயில் கலந்து ஓட்டும் கூலன்ட்டுக்கு இது. 'டேங்க் சின்னது, பெரிசா ஒண்ணு அடிக்கணும்' என்று ஃபேப்ரிகேஷன் கடைக்குப் போவதற்கு முன்னால் கீழே உள்ளதைப் பார்த்துவிடுங்கள். பாதி டேங்க் சேறாக (படிந்த உலோகத் தூளாக) கிடக்கும், பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றும், கூலன்ட் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப் தப்பான உயரத்தில் இருக்கும். இவற்றுக்குப் புது டேங்க் மருந்தாகாது. நிஜமாகவே சிறிய டேங்கும் உண்டு. அதற்கான கணக்கு கடைசியில் இருக்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் மூன்று அளவுகள்

பம்ப் ஓட்டம்: 20 லிட்டர் பெயின்ட் வாளியும் செல்போன் ஸ்டாப்வாட்சும் போதும். எல்லா நாசிலும் (கூலன்ட் பீய்ச்சும் வாய்) ஓடட்டும். ஒவ்வொன்றாக வாளியில் பிடித்து நேரம் குறித்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிட்டு, கடைசியில் அந்த லிட்டர்களைக் கூட்டுங்கள். ஒரு நாசிலில் 20 லிட்டர் நிரம்ப 30 நொடி ஆனால் அதன் ஓட்டம் நிமிடத்துக்கு 40 லிட்டர். பம்ப் தகட்டில் இருக்கும் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். எந்தத் தடையும் இல்லாமல் பம்ப் தரக்கூடிய உச்ச அளவு அது. ஹோஸ், வால்வு, நாசில் எல்லாம் தாண்டி அவ்வளவு வராது.

நின்ற மட்டமும் ஓடும் மட்டமும்: மெஷின் நின்று அரை மணி நேரம் கழித்து ஸ்கேலை டேங்கில் நிறுத்தி ஒரு அளவு எடுங்கள். எல்லா நாசிலும் பத்து நிமிடம் ஓடிய பிறகு இன்னொன்று.

சேற்றின் உயரம்: ஒரு கம்பியை மெதுவாக இறக்குங்கள். முதலில் தட்டும் இடம் சேறு, அழுத்தினால் தட்டும் இடம் தகடு. நாலு மூலையிலும் நடுவிலும் பாருங்கள்.

லிட்டர் கணக்குக்கு ஒரு சுருக்கம்: டேங்கின் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கி, உயரத்தை மில்லிமீட்டரில் பெருக்கினால் நேராக லிட்டர் வந்துவிடும். 1.2 × 0.6 மீட்டர் டேங்கில் 50 மி.மீ. சேறு என்றால் 36 லிட்டர் இடம் போயிற்று.

அறிகுறி 1: ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டம் விட்டுவிட்டு வருகிறது, பம்ப் கரகரக்கிறது

பம்ப் காற்றை இழுக்கிறது. ஓடும் மட்டத்தைப் பாருங்கள். பம்ப் வாய்க்கு மேலே கூலன்ட் குறைந்தது 100 முதல் 150 மி.மீ. நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மேற்பரப்பில் சிறு சுழி விழும், அந்தச் சுழி வழியே காற்று இறங்கும்.

மட்டம் குறைவாக இருந்தால்:

- காலையில் யாரும் டாப்-அப் செய்யவில்லை. நிரப்பிப் பாருங்கள். சரியானால் இதோடு முடிந்தது.
- நின்ற மட்டம் சரி, ஓடும்போது மட்டும் தாழ்கிறது. அப்படியானால் கூலன்ட் மெஷினுக்குள்ளே தேங்குகிறது. பெட் மூலை, சிப் கன்வேயர் (வெட்டிய உலோகச் சீவலான சிப்ஸை வெளியேற்றும் பட்டை) அடி, டேங்குக்கு மேலே உள்ள சல்லடைத் தட்டு மூன்றையும் பாருங்கள். சுருள் சுருளான சிப்ஸ் பந்தாகி ரிட்டர்ன் வழியை அடைத்திருக்கும். எடுத்ததும் சில நிமிடங்களில் மட்டம் ஏறும்.
- அடைப்பு எங்குமில்லை, ஆனாலும் ஓடும்போது 80, 100 மி.மீ. தாழ்கிறது. மெஷினுக்குள் சுற்றும் அளவுக்கு டேங்க் நிஜமாகவே போதவில்லை. கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

மட்டம் சரியாக இருந்தும் காற்று இழுத்தால்:

- டேங்கின் தடுப்புத் தகட்டில் உள்ள சல்லடை அடைத்திருக்கும். சேறு விழும் அறையில் மட்டம் உயரமாகவும் பம்ப் அறையில் தாழ்வாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். சல்லடையைக் கழுவிய பிறகும் இரண்டு அறைக்கும் 20 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சல்லடையின் பரப்பு போதாது. டேங்கை விட்டுவிட்டுச் சல்லடையை அகலமாக்குங்கள்.
- டேங்குக்கு வெளியே நிற்கும் பம்ப் என்றால் சக்ஷன் ஹோஸ் கிளிப், ஃபிளேஞ்ச் கேஸ்கெட் வழியே காற்று வரும். ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கூலன்ட் ஊற்றிப் பாருங்கள். எங்கே ஊற்றும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை.

அறிகுறி 2: காற்று இழுக்கவில்லை, ஆனால் நாசிலில் வேகமே இல்லை

ஈ.பி. வேலை நடந்த மறுநாள், மெஷினை இடம் மாற்றிய பிறகு, புது பம்ப் போட்ட பிறகு இந்தப் புகார் வந்தால் முதலில் சுற்றும் திசையைப் பாருங்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு வயர் மாறினால் இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரம்) எதிர்ப்பக்கம் சுற்றும். நின்றுபோகாது, கூலன்ட்டும் வரும், வேகம் மட்டும் இருக்காது. அதனால்தான் பல நாள் கண்ணில் படாமல் போகிறது. ஒரு நொடி ஆன் செய்து ஆஃப் செய்து, மோட்டார் ஃபேன் நிற்கப்போகும்போது மேலே உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். தப்பாக இருந்தால் மெயினை அணைத்து ஏதேனும் இரண்டு வயரை எலெக்ட்ரீஷியன் மாற்ற வேண்டும். பம்ப்போடு சேர்த்து மற்ற மோட்டார்களின் திசையும் மாறியிருந்தால் பம்ப்பில் தொடாமல் மெஷினுக்கு வரும் லைனில் மாற்றுங்கள்.

திசை சரி என்றால், செலவு குறைந்ததிலிருந்து வரிசையாக: நாசில் அடைப்பு, லைன் ஃபில்டர், மடங்கிய ஹோஸ், பாதி மூடிய வால்வு. எல்லாம் சரியாக இருந்தால் பம்ப்பைத் தூக்கிப் பாருங்கள். காஸ்ட் அயர்ன் வெட்டும் இடங்களில் மாவுபோன்ற தூள் இம்பெல்லரைத் தேய்த்து மெலிதாக்கிவிடும். இம்பெல்லரை மட்டும் மாற்றிவிட்டு அதே சேற்றில் நிறுத்தினால் திரும்பவும் தேயும். பம்ப் வாய் தகட்டிலிருந்து 50 மி.மீ. உயரத்திலாவது நிற்கட்டும்.

ஓவர்லோட் ரிலே (கரன்ட் கூடினால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச்) அடிக்கடி விழுந்தால் அதன் செட்டிங்கை ஏற்றாதீர்கள். மூன்று ஃபேஸிலும் கரன்ட்டை கிளாம்ப் மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். ஒரு ஃபேஸ் மட்டும் தள்ளி நின்றால் அது எலெக்ட்ரீஷியன் வேலை.

அறிகுறி 3: மெஷினை நிறுத்தியதும் டேங்க் வழிகிறது

ஓடும்போது மெஷினுக்குள்ளும் பைப்பிலும் இருந்தது முழுக்க டேங்குக்குத் திரும்புகிறது. அதற்கு மேலே இடம் இல்லை. வழக்கமான காரணம் ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டம் தாழ்ந்ததைப் பார்த்து ஆபரேட்டர் கலவையை ஊற்றிவிட்டார்.

டேங்கின் வெளியே இரண்டு கோடு போடுங்கள். 'ஓடும்போது முழு மட்டம்', 'நின்றபோது முழு மட்டம்'. கண்ணாடிக் குழாய் இருந்தால் அதன் பக்கத்திலேயே. டாப்-அப் செய்யும் நேரத்தையும் ஷிஃப்ட் ஆரம்பம் என்று ஒரே நேரமாக்கிவிடுங்கள்.

கோடு போட்ட பிறகும் இரண்டு கோட்டுக்கும் இடையில் பம்ப்புக்குத் தேவையான மட்டமும் கிடைக்கவில்லை, வழியாமலும் இருக்கவில்லை என்றால் டேங்க் சிறியதுதான். செலவு குறைந்த வழி, பக்கத்தில் ஒரு துணை டேங்க் வைத்து அடியில் இணைப்பது. இணைப்பு பைப் 2 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. மெலிந்த பைப் என்றால் மட்டம் சமமாகும் முன்பே ஒரு பக்கம் வழிந்துவிடும்.

அறிகுறி 4: நுரை பொங்கி வழிகிறது

முதலில் பாட்டில் சோதனை. ஒரு லிட்டர் பாட்டிலில் பாதி கூலன்ட் எடுத்து, மூடி, 15 நொடி வேகமாகக் குலுக்கி வையுங்கள்.

*பாட்டிலில் நுரை ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால்* கலவையில் குறையில்லை, காற்று எங்கிருந்தோ கலக்கிறது. ரிட்டர்ன் கூலன்ட் உயரத்திலிருந்து அருவிபோல விழுகிறதா பாருங்கள். அதன் வாயைச் சாய்வான தகட்டில் விழ வைத்து வழுக்கி இறக்குங்கள், அல்லது மட்டத்துக்குக் கீழே வரை நீட்டுங்கள். பம்ப் அறைக்குள்ளேயே நேராக விழும் ரிட்டர்ன் என்றால் அதை மறு ஓரத்துக்கு மாற்றுங்கள். விழும் இடத்துக்கும் பம்ப்புக்கும் நடுவே கூலன்ட் ஒரு தடுப்பைச் சுற்றி நடந்து வந்தால், குமிழி மேலே ஏறிப் போக நேரம் கிடைக்கும்.

*ஐந்து நிமிடம் ஆகியும் அடங்கவில்லை என்றால்* கலவையில் குறை இருக்கிறது.

- தண்ணீரில் ஆயிலின் விகிதம் கூடியிருக்கலாம். ரிஃப்ராக்டோமீட்டரில் (விகிதம் அளக்கும் கருவி) பாருங்கள்.
- தரை கழுவும் சோப்புத் தண்ணீர் டேங்கில் சேர்ந்திருக்கலாம். ஒரு வாளி போதும், ஒரு டேங்க் கலவையைக் கெடுக்க.
- தண்ணீர் மிக மென்மையாக இருக்கலாம். சிறுவாணித் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ புதுக் கலவை போட்ட அன்று நுரைப்பது இதனால்தான். கடினத்தன்மை 80 முதல் 125 பி.பி.எம். இருப்பது நல்லது. போர் தண்ணீரை அளந்து கலந்து அந்த அளவுக்குக் கொண்டுவரலாம்.

நுரை அடக்கும் மருந்தை முதல் கையாக எடுக்காதீர்கள். சிலிக்கோன் கலந்த மருந்து என்றால் பெயின்ட்டிங், பிளேட்டிங் போகும் ஜாப்பில் (வெட்டிய பாகத்தில்) பூச்சு பிடிக்காது, ஜாப் திரும்பி வரும்.

அறிகுறி 5: மதியத்துக்கு மேல் கூலன்ட் சுடுகிறது, ஜாப் சைஸ் ஓடுகிறது (அளவு மாறுகிறது)

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். டேங்கைப் பெரிதாக்கினால் தீரும் என்று நினைத்துச் செலவு செய்து ஏமாறுவது அதிகமும் இந்த அறிகுறியில்தான்.

காலை ஆரம்பத்தில், பிறகு மணிக்கு ஒருமுறை, கூலன்ட் வெப்பத்தையும் ஷெட் வெப்பத்தையும் எழுதுங்கள். 200 மி.மீ. ஸ்டீல் ஜாப் 10 டிகிரி ஏறினால் சுமார் 23 மைக்ரான் நீளும். அலுமினியம் அதைப்போல இரண்டு மடங்கு. ஓடும் சைஸ் இந்தக் கணக்கோடு பொருந்தினால் கூலன்ட் வெப்பம்தான் காரணம். பொருந்தவே இல்லை என்றால் ஸ்பிண்டில் (மெஷினின் சுழலும் தண்டு), பால் ஸ்க்ரூ (மெஷின் பாகத்தை நகர்த்தும் திருகு) பக்கம் தேடுங்கள்.

ஒரு கிலோவாட் வெப்பம் 100 லிட்டர் கூலன்ட்டை மணிக்கு சுமார் 8.5 டிகிரி ஏற்றும். 200 லிட்டர் என்றால் அதில் பாதி. இது வெளியே போகும் வெப்பத்தைக் கழிக்காத கணக்கு.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

*வெட்டாமல் பம்ப்பை மட்டும் ஓட்டினாலும் சூடாகிறது:* ஹை பிரஷர் பம்ப்பைச் சந்தேகியுங்கள். நிமிடத்துக்கு 20 லிட்டர், 70 பார் என்றால் 20 × 70 ÷ 600 = 2.3 கிலோவாட். இவ்வளவும் கடைசியில் கூலன்ட்டில்தான் வெப்பமாக இறங்குகிறது. 200 லிட்டர் டேங்கை மணிக்குப் பத்து டிகிரி ஏற்ற இது ஒன்றே போதும். ரிலீஃப் வால்வ் (மிஞ்சும் அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வு) ரிட்டர்ன் பைப்பைத் தொட்டுப் பாருங்கள், கவனமாக. நாள் முழுக்க அதில் ஓட்டம் இருந்தால் டூலுக்குத் தேவையில்லாத கூலன்ட்டை அழுத்தி அழுத்தித் திரும்ப டேங்கிலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். டூல் கேட்லாக்கில் கேட்கும் அழுத்தத்துக்கு மேல் வைத்திருந்தால் இறக்குங்கள். ஹை பிரஷர் தேவைப்படாத டூலுக்கு புரோகிராமிலேயே அதை நிறுத்துங்கள். இந்த இரண்டுக்கும் காசு கிடையாது.

*வெட்டும்போது மட்டும் சூடாகிறது:* சூடான சிப்ஸ் டேங்கில் ஊறிக் கிடக்கிறதா பாருங்கள். கன்வேயரை இடைவெளி விட்டு ஓட்டுபவர்கள் அந்த இடைவெளியைக் குறைக்கலாம்.

*இரண்டும் சரிதான், ஆனாலும் ஷெட்டைவிட 10 டிகிரிக்கு மேல் போகிறது:* சில்லர் (கூலன்ட்டைக் குளிர்விக்கும் மெஷின்) வேண்டும். 200 லிட்டர் டேங்கை 400 ஆக்கினால் அதே வெப்பத்துக்குப் போய்ச் சேர நேரம் கூடும், அவ்வளவுதான். ஒரே ஷிஃப்ட் ஓட்டும் கடைக்கு அந்தத் தாமதம் உதவலாம். மூன்று ஷிஃப்ட் ஓடும் மெஷினுக்கு உதவாது. சில்லர் ஒரு டன் என்பது 3.5 கிலோவாட். பம்ப் வாட்டையும் மெஷினில் வெட்டும் சராசரி வாட்டையும் எழுதிக் கொடுத்து, சில்லர் விற்பவரிடம் எழுத்தில் கணக்குக் கேளுங்கள்.

அறிகுறி 6: திங்கட்கிழமை காலை அழுகிய முட்டை நாற்றம்

ஞாயிறு முழுக்க அசையாமல் கிடந்த கூலன்ட்டின் மேலே ஸ்லைடுவே ஆயில் (மெஷினின் வழுக்குப் பாதைகளுக்குப் போடும் எண்ணெய்) ஏடுபோல மூடியிருக்கும். கீழே காற்றில்லாமல் பாக்டீரியா பெருகும்.

எளிதிலிருந்து ஆரம்பியுங்கள். மேலே மிதக்கும் எண்ணெயை எடுங்கள். பெல்ட் ஸ்கிம்மர் இல்லாவிட்டால் அகப்பையாலாவது, தினமும். வார விடுமுறையில் டைமர் போட்டு சில மணி நேரத்துக்கு ஒருமுறை பம்ப்பைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், அல்லது மீன் தொட்டிக்குப் போடும் காற்று பம்ப்பை டேங்கில் விட்டு வையுங்கள். பி.எச். தாளில் 8.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் விகிதத்தைச் சரிசெய்து மறுநாள் திரும்பப் பாருங்கள். பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். கலவையும் உடையும், துருவும் வரும்.

ஒரு வாரத்தில் நாற்றம் திரும்பினால் சேற்றில்தான் குடியிருக்கிறது. டேங்க் கிளீனரை, கேனில் சொன்ன அளவில், பழைய கலவையிலேயே ஊற்றி ஒரு ஷிஃப்ட் ஓட்டுங்கள். அதன் பிறகு முழுக்க இறக்கி, மூலை மூலையாகச் சேற்றை வழித்து, ஹோஸ் வரை கழுவி, பிறகு புதுக் கலவை. அடியில் கொஞ்சம் பழையதை விட்டு மேலே புதியதை ஊற்றினால் புதியதும் சீக்கிரமே கெடும்.

டேங்கின் வடிவமும் இங்கே பேசும். ஓட்டம் போகாத மூலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சேறு தடித்திருக்கும். ஆரம்பத்தில் அளந்த சேற்று உயரங்களைப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு என்றால் ரிட்டர்ன் வாயை அந்த மூலைப் பக்கம் திருப்பி வையுங்கள்.

தரைக்குக் கீழே கட்டிய பொதுத் தொட்டியில் இந்த நாற்றம் வந்தால் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். வாயு அளக்கும் கருவியும் காற்றோட்ட வசதியும் உள்ள நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 7: விகிதம் நிலைக்கவில்லை; இன்று துரு, நாளை கை அரிப்பு

ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டுப் பாருங்கள். காட்டும் எண்ணை கூலன்ட் ஆயில் தாளில் உள்ள பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். 4 காட்டி, பெருக்கு எண் 1.5 என்றால் நிஜ விகிதம் 6 சதவீதம். இதை மறந்துதான் நிறையப் பேர் தேவைக்கு மேல் ஆயில் ஊற்றுகிறார்கள்.

ஆவியாவது தண்ணீர் மட்டும். ஜாப்போடும் சிப்ஸோடும் ஒட்டிப் போவது கலவை. அதனால் டாப்-அப்புக்கு வெறும் தண்ணீரும் தப்பு, முழு விகிதக் கலவையும் தப்பு. 1 அல்லது 2 சதவீதக் கலவையில் ஆரம்பித்து, ஒரு வாரம் அளந்து, உங்கள் மெஷினுக்கு எது பொருந்துகிறதோ அதில் நில்லுங்கள். கலக்கும்போது எப்போதும் தண்ணீரில் ஆயிலை ஊற்றுங்கள். ஆயிலில் தண்ணீர் ஊற்றினால் தயிர்போலத் திரியும்.

சிறிய டேங்கில் இந்த ஆட்டம் அதிகம். நாளுக்கு 15 லிட்டர் குறைந்தால் 150 லிட்டர் டேங்கில் அது பத்தில் ஒரு பங்கு, 400 லிட்டரில் நாலு சதவீதத்துக்கும் குறைவு. தினமும் அளக்க ஆள் இருந்தால் சிறிய டேங்கே போதும். ஆள் இல்லாத கடைக்குப் பெரிய டேங்க் நிஜமாகவே உதவும் இடம் இதுதான்.

போர் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாளுக்கு 5 சதவீதம் ஆவியானால் 20 நாளில் ஒரு முழு டேங்க் தண்ணீர் உள்ளே போயிருக்கும். தண்ணீர் போனாலும் உப்பு தங்கும். மேலே சோப்பு ஏடு படிகிறது, கலவை பிரிகிறது என்றால் கடினத்தன்மையை அளக்கச் சொல்லுங்கள். 200 பி.பி.எம். தாண்டிய தண்ணீரை டாப்-அப்புக்கு எடுக்காமல் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, டேங்க் சிறியதுதான்: எவ்வளவு வேண்டும்?

அளந்த பம்ப் ஓட்டத்தைப் பெருக்குங்கள்: ஸ்டீல் என்றால் 5, காஸ்ட் அயர்ன், அலுமினியம் என்றால் 7, கிரைண்டிங் என்றால் 10. தூள் படியவும் குமிழி விடவும் இத்தனை நிமிடம் கூலன்ட் டேங்கில் நிற்க வேண்டும் என்று அர்த்தம். ஹை பிரஷர் பம்ப் தனியாக இருந்தால் அதன் ஓட்டத்தையும் சேருங்கள்.

அலுமினியம் வெட்டும் ஒரு வி.எம்.சி., ஓட்டம் நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது டேங்கில் 280 லிட்டர் பயன்படும் நிலையில் இருக்க வேண்டும். தகட்டின் அளவு 1.4 × 0.8 மீட்டர், அதாவது 1.12 சதுர மீட்டர். பம்ப் வாய்க்குக் கீழே 50 மி.மீ. கணக்கில் வராது. அது 56 லிட்டர். ஆக ஓடும்போது 336 லிட்டர், மட்டம் 300 மி.மீ. நிறுத்தினால் திரும்பி வருவது 60 லிட்டர் என்றால் மட்டம் 354 மி.மீ.க்கு ஏறும். டேங்க் உயரம் 400 மி.மீ. வைத்தால் மேலே 46 மி.மீ. மிச்சம். மொத்தக் கொள்ளளவு 448 லிட்டர். 280 லிட்டர் தேவை என்று 280 லிட்டர் டேங்க் அடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

மெஷினுக்கு அடியில் உயரம் கிடைக்காவிட்டால் பரப்பைக் கூட்டுங்கள். ஆழமில்லாத, அகலமான டேங்கில் தூளும் சீக்கிரம் படியும். ஓடும் மட்டம் மட்டும் பம்ப் வாய்க்கு மேல் 150 மி.மீ.க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபேப்ரிகேட்டரிடம் சொல்ல வேண்டியவை: 3 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) தகடு அல்லது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு வேண்டாம், கூலன்ட் துத்தநாகத்தை அரிக்கும். உள்ளே சாதாரண எனாமல் பெயின்ட் அடிக்கக்கூடாது, உரிந்து பம்ப்பை அடைக்கும். டேங்கின் அடித் தகடு ஒரு மூலைக்குச் சாய்ந்து, அங்கே ஒன்றரை அங்குல வடிகால் வால்வு. கை உள்ளே போய்ச் சேற்றை வழிக்கும்படி மேல் மூடி கழற்றக்கூடியதாக இருக்கட்டும். மெஷின் வாரண்டியில் இருந்தால் தகடு வெட்டும் முன் மெஷின் கம்பெனி சர்வீஸ் ஆளிடம் படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். சிப் கன்வேயரும் லெவல் சுவிட்சும் பழைய டேங்கோடு சேர்ந்தவை, புது டேங்கிலும் அவை பொருந்த வேண்டும்.

பழைய டேங்கைக் காலி செய்த கூலன்ட்டைச் சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்றாதீர்கள். எண்ணெய் கலந்த அபாயக் கழிவு அது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிறுவனத்திடம்தான் போக வேண்டும். அவர்கள் வரும்வரை மூடியுள்ள பேரலில் தேதி எழுதி வையுங்கள்.

புது டேங்கை மெஷினுக்கு அடியில் தள்ளுவதற்கு முன் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் வெளியே வைத்து வெல்டிங் ஓரங்களைத் துணியால் துடைத்துப் பாருங்கள். தள்ளிய பிறகு கசிவு கண்ணுக்கே தெரியாது. முதல் கலவையை ஊற்றிய அன்றே ஓடும் மட்டம், நின்ற மட்டம் இரண்டையும் திரும்ப அளந்து, கோடு போட்டுவிடுங்கள்.